மூன்று சம்மனசுகளின் காது

கோயிலில் படம் பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. படங்களோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. காலராவுக்கு அடுத்த வருடம் மோந்தெரோவோ என்ற எங்கள் மலையூரின் சதுக்கத்தில் மருந்துக்கடை போட்டேன். அன்றிலிருந்து பார்க்கிறேன். மூச்சு வாங்க மலையேறி வரும் வெளியூர்க்காரர் முதலில் என்னிடம் தண்ணீர் கேட்பார், அடுத்து கோயில் சாவி யாரிடம் என்று கேட்பார். பையில் பூதக்கண்ணாடியும் நோட்டும் இருக்கும். பாதிப்பேர் ஜெர்மானியர், மீதியில் இங்கிலீஷ்காரர், சில சமயம் நம் மிலான்காரர். எங்கள் ஏழு தலைமுறை முழங்காலிட்ட படத்தை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, இதை வரைந்த தகப்பன் இன்னார்தான் என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போவார்கள். அடுத்த கோடையில் வேறொருவர் வந்து தகப்பனை மாற்றுவார். இதையெல்லாம் புத்தகமாகப் போட்டு, அதில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதுதான் அவர்கள் பிழைப்பு.

"சாவியா? மணிக்கூண்டுக்குப் பக்கத்து வாசல்ல நின்னு தொமித்தில்லான்னு கூப்பிடுங்க. ரெண்டு தரம் கூப்பிடணும். மொத தரத்துக்கு வரமாட்டா" என்று சொல்லி அனுப்புவேன்.

இந்த தொமித்தில்லாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவள் மகளின் ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தகப்பன். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் எனக்குக் கொமாரே, நான் அவளுக்குக் கொம்பாரே.

குட்டையான உடம்பு, வேகமான நடை, அதைவிட வேகமான வாய். தலைக்குட்டையை இடது காது முழுக்க மறையும்படி இழுத்து முடிந்திருப்பாள். ஏழு வயதில் ஒரு கூடை அத்திப்பழத்துக்காக அக்கா எர்மீனியாவோடு சண்டை வந்து, எர்மீனியா அவள் கம்மலைப் பிடித்து இழுத்துவிட்டாள். காதுமடல் கிழிந்து, ஆறும்போது இரண்டு பிளவாக ஆறிவிட்டது. அன்றிலிருந்து ஊரில் அவளுக்கு 'அறுந்த காது' என்று பெயர். ரொட்டிக்கடை சந்தீனா இன்றைக்கும் அவளை அப்படித்தான் கூப்பிடுவாள், அதுவும் கடையில் கூட்டம் இருக்கும்போது பார்த்து.

புருஷன் நஸ்ஸரேனோ மாட்டுவண்டிகளுக்கு வர்ணம் பூசுகிறவர். எங்கள் பக்கத்துக் குடியானவன் தன் வீட்டுச் சுவரைக் கறுப்பேற விடுவான், வண்டியை மட்டும் சிவப்புப் பூவும் சேவலும் அந்தோனியாருமாக ஜோடித்து வைத்திருப்பான். அப்படிப்பட்ட வண்டிகளில் முக்கால்வாசி நஸ்ஸரேனோ கை பட்டவை. நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்து பேசுவதை யாருக்கோ நேர்ந்துகொண்டு விட்டுவிட்டவர் மாதிரி இருப்பார். என் கடைக்கு வந்தால் வேண்டிய ஜாடியை விரலால் காட்டுவார். அவ்வளவுதான் வியாபாரம்.

அவர் பெண் கேட்டுப் போன கதை ஊருக்கே தெரியும். "உங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கேன்" என்றாராம். எந்தப் பெண் என்று சொல்லவில்லை. மூத்தவள் வீட்டில் இருக்கும்போது சின்னவளைக் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. எனவே அப்பன் அதை எர்மீனியாவுக்கு வந்த சம்பந்தமாகவே எடுத்துக்கொண்டார். "பெரியவள மில்லுக்காரனுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். வேணும்னா சின்னவ இருக்கா" என்றார். நஸ்ஸரேனோ "சரி" என்றார். அந்த ஒரு 'சரி'யை வைத்துக்கொண்டு என் கொமாரே இருபத்திரண்டு வருடம் குடித்தனம் பண்ணினாள். கேட்டது கிடைக்காமல் இருந்ததை எடுத்துக்கொண்டு போனவர் என்ற எண்ணம் அவள் மனதில் முள்ளாக இருந்தது. சண்டை வரும்போதெல்லாம், "அக்காவக் கேட்டு வந்த மனுஷனுக்கு நான் சமைச்சா எப்படி ருசிக்கும்" என்பாள். அவர் பதில் பேசாமல் எழுந்து போய் வர்ணம் அரைக்க ஆரம்பித்துவிடுவார். அந்த மௌனத்தை அவள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கோயில் பீடத்துப் படம் பழையது. நடுவில் மாதா, இரண்டு ஓரமும் முழங்காலிட்ட சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள். முன்னால் திரை தொங்கும், திருநாளில் மட்டும் திறப்பார்கள். அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டாவது வருடம், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஓரத்து மெழுகுவர்த்தி சரிந்து, இடது சம்மனசின் காதும் கொஞ்சம் முடியும் பொசுங்கிப் போயின. ஆயர், அதாவது பிஷப், வருவதற்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ஆயர் அனுமதி இல்லாமல் பீடத்துப் படத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. கை வைக்காமல் விட்டாலும் ஆயர் கேட்பார். அப்போதிருந்த பங்குச்சாமியார் நஸ்ஸரேனோவை ரகசியமாகக் கூப்பிட்டார்.

நஸ்ஸரேனோ என் கடைக்கு வந்து ஆளிவிதை எண்ணெய், இரண்டு விதப் பழுப்பு, கொஞ்சம் சிவப்பு, புதிதாக வந்திருந்த துத்தநாக வெள்ளை எல்லாம் விரலால் காட்டி வாங்கினார். "வண்டிக்கு இவ்வளவு உசத்தி வெள்ளையா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

அன்று மத்தியானம் தொமித்தில்லாவை, படத்தை இறக்கி வைத்திருந்த பூசைச்சாமான் அறை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "துண்ட எடு" என்றார். எடுத்தாள். "திரும்பாத" என்றார். ஒரு மணி நேரம் நின்றாள். வேலை முடிந்து பார்த்தால் சம்மனசுக்கு அவள் காது. பிளவோடு.

"ஊருல வேற காதே கெடைக்கலையா உமக்கு? கொறையுள்ளதக் கொண்டு போயி சம்மனசுக்கு ஒட்டி வச்சிருக்கீரே" என்று சண்டைக்குப் போனாள்.

"கைக்குப் பழகின காது" என்றார் அவர்.

இதைச் சோம்பேறித்தனம் என்றுதான் அவள் என்னிடம் சொல்லித் திட்டினாள். ஆயர் வந்தார், திரை திறந்தது, அவர் பார்வை மாதாவைத் தாண்டிப் போகவில்லை. பிறகு அந்தப் பங்குச்சாமியார் போய்ச் சேர்ந்தார். நஸ்ஸரேனோவும் ஒரு மார்கழியில் நெஞ்சுச்சளி கட்டிப் போய்விட்டார். மகள் அதற்கு முன்பே கட்டிக்கொண்டு போயிருந்தாள், வாடகை வீடும் கையை விட்டுப் போனது. புதிதாக வந்த சாமியார் டான் வெனான்ஸியோ அவளுக்குக் கோயில் சாவியையும் மணிக்கூண்டு அடியிலுள்ள அறையையும் கொடுத்தார். சாவி இருக்கும் வரைக்கும்தான் அந்தக் கூரை. காது ரகசியம் அவளிடமும் என்னிடமும் மட்டும் மிஞ்சியது.

அந்த நிலையில்தான் டாக்டர் ஐல்ஹார்ட் வந்து சேர்ந்தார். ஜெர்மானியர், ஒல்லி, நம் மொழியைப் பாடப்புத்தகம் மாதிரி பேசுவார். மற்றவர்கள் அரை மணி நேரம் பார்த்த படத்தை அவர் நான்கு நாள் பார்த்தார். என் கடை மாடியில்தான் தங்கினார். இரவுச் சாப்பாட்டில் அவர் கொள்கையைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலித் தூள் செலவானது. "முகத்தை எழுதும்போது ஓவியன் யோசிப்பான், குரு சொன்னதை நினைப்பான். காதை எழுதும்போது யோசிக்க மாட்டான். யோசிக்காத இடத்தில்தான் அவன் கை தெரியும்" என்பார். ஊருக்கு ஊர் ஏணி போட்டு ஏறிக் காதும் நகமும் வரைந்து வைத்திருந்தார். எங்கள் ஊரில் இரண்டாம் நாளே அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது.

அவர் ஏணியில் நிற்க, தொமித்தில்லா கீழிருந்து கோலில் கட்டிய மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்தாள்.

"அம்மா, இன்னும் இடது பக்கம். அந்தக் காதுக்கு."

"எந்தக் காதுக்கு?"

"சம்மனசின் காதுக்கு. மெழுகுவர்த்தி ஏன் கீழே இறங்குகிறது?"

"அம்பது வயசு கிட்ட வருது, கை வலிக்காம என்ன செய்யும்" என்றிருக்கிறாள். அன்று மாலை என் கடைக்கு ஓடி வந்தாள். "கொம்பாரே, கண்டுபிடிச்சிட்டாரு. அளவு எடுக்கறாரு. சாவி போச்சு" என்றாள். நான் அவளுக்கு ஒரு வாய் சோம்புச் சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். டாக்டரோ அன்று இரவு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு காதை அவர் பார்த்ததே இல்லையாம். இல்லை, இன்னும் இரண்டு ஊரில் பார்த்திருக்கிறாராம். அதுதான் விசேஷமாம். என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை, தூக்கம் வந்துவிட்டது.

மறு வருடக் கடைசியில் அவர் புத்தகம் தபாலில் வந்தது, நம் மொழியிலேயே. மழை நாள். கடையில் நானும் இருமல் மாத்திரைக்கு வந்த கொமாரேயும் மட்டும்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் வாய்விட்டுப் படித்தேன்.

மோந்தெரோவோ, ஃபோந்தேநேரா, பியெவெ ஆல்தா ஆகிய மூன்று மலையூர்களில் மூன்று படங்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தார். மூன்றிலும் இடது ஓரத்துச் சம்மனசுக்கு மடல் பிளந்த ஒரே காது. மற்ற இடங்களெல்லாம் சுமார் வேலை, ஒன்றுக்கொன்று ஒட்டவும் இல்லை. காது மட்டும் உயர்ந்த வேலை. எனவே, பெயர் மறைந்துபோன ஒரு மகா ஓவியர் நானூறு வருடத்துக்கு முன் இந்த மலைகளில் இருந்திருக்கிறார். மற்றதையெல்லாம் சீடர்களிடம் விட்டுவிட்டு இந்தக் காதை மட்டும் தன் கையால் எழுதியிருக்கிறார். பெயர் தெரியாதவருக்குப் பெயர் சூட்டுவது அவர்கள் வழக்கம். 'பிளந்த காதின் ஆசான்' என்று சூட்டியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "தெய்வத்தை எழுதிய கைகள் இந்தப் படங்களில் பல. நேசித்த ஒன்றை எழுதிய கை இது ஒன்றுதான்."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"எந்த எந்த ஊருன்னு மறுபடி படிங்க" என்றாள்.

படித்தேன்.

"அங்கயெல்லாம் வண்டி பூசப் போவாரு" என்றாள். பிறகு மாத்திரையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் புத்தகத்தை மாகாண நகரத்திலும் படித்திருக்கிறார்கள். அடுத்த வைகாசியில் டான் வெனான்ஸியோவுக்கு ஓலை வந்தது. முதல் தரமான படம் ஈரம் பிடித்த கோயிலில் இருப்பது சரியில்லை, எனவே ஜூன் பத்தாம் தேதி அதிகாரி வந்து அதை நகரத்துக் காட்சிக்கூடத்துக்கு எடுத்துப் போவார். பதிலுக்குக் கண்ணாடி போட்ட வண்ண அச்சுப்படம் ஒன்று கொடுப்பார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப்பேருக்குப் பெருமை தாங்கவில்லை. மீதிப்பேர் மாதா போனால் ஆலங்கட்டி மழை வரும் என்றார்கள்.

கொமாரே என் கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். இவ்வளவு அமைதியாக அவளை நான் பார்த்ததில்லை.

"அவரு பூசின வண்டியெல்லாம் உளுத்துப்போச்சு கொம்பாரே. போன குளிருக்கு மில்லுக்காரன் கடைசி வண்டிய ஒடச்சு எரிச்சிட்டான். நான் பாத்துட்டு நின்னேன். இனிமே எனக்குன்னு அவரு கை பட்டது அந்தக் காது ஒண்ணுதான். தெனம் காலையில தூசி தட்டற சாக்குல திரைக்குள்ள போயி ஒரு தடவ பாத்துட்டு வருவேன். திட்டிட்டுத்தான் வருவேன். ஆனா பாப்பேன்."

"அப்ப உண்மையச் சொல்லப் போறியா?"

"சொன்னா சாவி போயிடும். இத்தன வருஷம் மறைச்சியேன்னு டான் வெனான்ஸியோ வெளிய அனுப்பிடுவாரு. என் வீட்டுக்காரரு பேரும் கெடும், பீடத்துப் படத்துல திருட்டுத்தனமா கை வச்சவன்னு. சொல்லலைன்னா படம் போயிடும்."

வாயை மூடிக்கொண்டு இரு என்றுதான் நான் புத்தி சொன்னேன். அவளுக்காகச் சொன்னதாக அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் வர்ணம் விற்றவன் யார் என்ற கேள்வி என் கடை வாசலுக்கு வரும் என்ற பயம்தான். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூன் பத்தாம் தேதி அதிகாரி பெல்லிசாரி, இரண்டு தச்சர்கள், ஒரு பெட்டி, கூடவே டாக்டர் ஐல்ஹார்ட். கோயில் நிறைய ஜனம். டான் வெனான்ஸியோ வெள்ளை ஞாயிற்றுக்கிழமை அங்கியோடு நின்றார். தொமித்தில்லா பூட்டைத் திறந்தாள், திரையை விலக்கினாள், ஏணியைச் சாத்தினாள். தச்சர் ஏறப் போனபோது ஏணிப்படியில் அவள் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, எழுந்திரிங்க" என்றார் அதிகாரி.

"உங்ககிட்ட இல்ல. காதுக்கார ஐயாகிட்ட ஒண்ணு காட்டணும்" என்று சொல்லித் தலைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். எனக்குத் தெரிந்து அவள் ஜனங்கள் முன்னால் அதை அவிழ்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டாள், அன்று ஜன்னலோரம் நின்ற மாதிரியே.

டாக்டர் கிட்ட வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். "அனுமதி உண்டா?" என்று கேட்டுவிட்டுக் குனிந்தார். பிறகு ஏணியில் ஏறினார், இறங்கினார், மறுபடி குனிந்தார்.

"யார் எழுதியது?" என்றார்.

"என் வீட்டுக்காரரு. வண்டிக்கு வர்ணம் பூசறவரு. மெழுகுவர்த்தி பட்டுப் பொசுங்கிப் போச்சு. சாமி சொன்னாருன்னு சரி பண்ணாரு. இருபத்தியோரு வருஷம் ஆச்சு."

டான் வெனான்ஸியோ முகம் அங்கி நிறத்துக்கு வந்துவிட்டது. அதிகாரி சிரித்தார். "படத்த விடக்கூடாதுன்னு ஒரு கதை. காது ஒத்துப்போறதுக்கு என்ன, எங்க அத்தைக்குக்கூட அப்படித்தான் இருக்கு. சாட்சி இருக்கா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் ஒருவேளை தலையைக் குனிந்திருப்பேன். அவள் திரும்பாததுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"நான் இருக்கேன். வர்ணம் வித்தவன் நான்தான். அந்தக் காதுல இருக்கிற வெள்ளை துத்தநாகம். நானூறு வருஷத்துக்கு முன்னால அப்படி ஒரு வெள்ளையே கெடையாது. சந்தேகம் இருந்தா தொட்டுப் பாக்கலாம்" என்றேன். கடைக்குப் போய்ச் சாராயச்சத்தும் பஞ்சும் எடுத்து வந்தேன். நானூறு வருட வர்ணம் கல் மாதிரி, அதற்கு ஒன்றும் ஆகாது. இருபது வருட வர்ணம் கரையும்.

ஏணியில் ஏறிய பிறகுதான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கு உறைத்தது. கீழே பார்த்தேன்.

"தொடைங்க கொம்பாரே" என்றாள்.

காதை விட்டுவிட்டு, பக்கத்து முடியில் ஒரு துளி வைத்தேன். பஞ்சில் பழுப்பு ஏறியது. அடுத்து மடலின் ஓரத்துக்குக் கையைக் கொண்டு போனபோது, எனக்குப் பின்னாலேயே ஏறி வந்திருந்த டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும். இதற்கு மேல் ஒரு இழை கூட வேண்டாம்" என்றார்.

அதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டார். "எனக்கு உத்தரவு மகா ஓவியன் படத்துக்குத்தான். வண்டிக்காரன் படத்துக்கு இல்ல" என்று காலிப் பெட்டியைத் தூக்கச் சொன்னார்.

டாக்டர் முன்வரிசைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். புத்தகம் போட்டவர், ஊர் சிரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பூதக்கண்ணாடியைப் பையில் வைத்துவிட்டு, "மூன்றும் ஒரே கை என்று எழுதினேன். அது சரிதானே அம்மா?" என்று கேட்டார்.

"சரிதான் ஐயா. உங்க கண்ணுல ஒரு குத்தமும் இல்ல" என்றாள்.

சாவி விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். டான் வெனான்ஸியோ அன்றே அதைப் பிடுங்கிக்கொண்டார். அறையை ஞாயிறு முடிந்து காலி செய்யச் சொன்னார். ஆனால் அந்தப் பூட்டைக் கதவோடு சேர்த்துத் தோளால் தூக்கி, பாதி திருப்பி, மூச்சுப் பிடித்து மறுபாதி திருப்ப வேண்டும். ஞாயிறு பூசைக்கு நூறு பேர் வெயிலில் நிற்க, சாமியார் கால்மணி நேரம் போராடிப் பார்த்துவிட்டு, "தொமித்தில்லா" என்று கூப்பிட்டார். அவள் வரவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார், வந்தாள். சாவி மறுபடி அவளிடமே தங்கிவிட்டது.

ஆனால் அதற்கு முன்னால், பத்தாம் தேதிக்கு மறுநாள் காலையில், டாக்டர் மற்ற இரண்டு ஊருக்கும் போய்ச் சரிபார்க்கக் குதிரைவண்டி பேசினார். "நீங்களும் வர வேண்டும்" என்று அவளிடம் சொன்னார். அவள் என்னைக் கூப்பிட்டாள். ஐம்பது வயதில் அந்த இரண்டு ஊரையும் அவள் பார்த்ததில்லை.

ஃபோந்தேநேராவில் காது அப்படியே இருந்தது. ஆற்று வெள்ளம் வந்த வருடம் சுவர் ஊறி வர்ணம் உரிந்ததால் சரி செய்தார்கள் என்று அந்த ஊர்ச் சாமியார் சொன்னார். அப்போது இவளுக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம். "நிக்க வைக்காமலே போட்டிருக்காரு. கைக்குப் பழகிப் போச்சு போல" என்றாள். வண்டியில் வரும்போது அவள் முகத்தில் லேசான சிரிப்புக்கூட இருந்தது.

பியெவெ ஆல்தாவுக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். நாற்பது வீடு, ஒரு கோயில். கோயில்பிள்ளை கவுதென்ஸியோவுக்கு எண்பது வயது இருக்கும், உரக்கப் பேச வேண்டும். திரையை விலக்கினார். இந்தக் காது மற்ற இரண்டையும்விட இளசாக, கொஞ்சம் தடுமாற்றமான வேலையாக இருந்தது. ஆனால் பிளவு அதே பிளவு.

"இது எந்த வருஷம் போட்டது?" என்று நான் அவர் காதருகே கத்தினேன்.

"எது, சம்மனசா? காலரா வருஷம். முப்பத்தியோரு பேரு செத்தாங்க இந்த ஊருல. மெழுகுவர்த்தி வைக்க எடமில்லாம படத்துக்கு ஒட்டியே வச்சிட்டாங்க. கரிஞ்சு போச்சு. மோந்தெரோவோ பய ஒருத்தன், வண்டி பூச வந்தவன், திரும்பிப் போக முடியாம மாட்டிக்கிட்டான். பாதைய அடைச்சு துப்பாக்கியோட காவல் போட்டிருந்தாங்கல்ல. ரெண்டு மாசம் இங்கதான் கெடந்தான். சும்மா இருக்க முடியாம அவனே சரி பண்ணிக் குடுத்தான்."

"காலரா வருஷமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என் பொண்டாட்டி செத்த வருஷம்யா. அதக்கூட மறப்பேனா" என்றார். பிறகு தலையைச் சாய்த்து யோசித்தார். "பேசவே மாட்டான் அந்தப் பய. காது ஏண்டா பொளந்திருக்குன்னு கேட்டேன். எங்க ஊருல ஒரு பொண்ணு காது அப்படித்தான் இருக்கும்னான். அங்கயும் சாவு விழுது, அவ இருக்காளா போயிட்டாளான்னு தெரியலன்னான். அதுக்கு மேல ஒண்ணும் பேசல."

தொமித்தில்லா விரல் விட்டு எண்ணினாள். அவர் பெண் கேட்டு வந்தது காலராவுக்கு மூன்று வருடம் கழித்து. காலரா வருடம் அவளுக்குப் பதினெட்டு. அவர் அதுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எர்மீனியாவக் கேட்டு..." என்று நான் ஆரம்பித்தேன். பழக்கதோஷம்.

"எர்மீனியா காது முழுசு, கொம்பாரே" என்றாள்.

பீடத்துக்குக் கிட்டப் போய் நின்றாள். டாக்டர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் அவள் பேசிய பேச்செல்லாம் எனக்கே ஞாபகம் வந்தது, அவளுக்கு வந்திருக்காதா. அழுதாள். சத்தம் போட்டு அழுகிறவள் இல்லை, ஆனாலும் தோள் குலுங்கியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மனுஷா" என்றாள் அந்தக் காதைப் பார்த்து. குட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் கேக்கவே இல்ல. திட்ட மட்டும்தான் செஞ்சேன்" என்றாள்.

டாக்டரின் புத்தகம் இரண்டு வருடம் கழித்துத் திருத்தி வந்தது. மகா ஓவியரை எடுத்துவிட்டார். மூன்று படங்களும் மூன்று கைகள், காதுகள் மூன்றும் ஒரே கை, அது மோந்தெரோவோ வண்டி வர்ணக்காரர் நஸ்ஸரேனோவின் கை என்று போட்டிருந்தார். 'நேசித்த ஒன்றை எழுதிய கை' என்ற வரியை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். மற்ற காதுக்காரர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள் என்று கேள்வி. படம் பார்க்க வருகிறவர்களை எனக்கு இன்னும் பிடிக்காது, இவர் ஒருவரைத் தவிர.

கொமாரே இப்போது தலைக்குட்டையைக் காதுக்குப் பின்னால் முடிகிறாள். போன வாரம் ரொட்டிக்கடையில் கூட்டம். "என்ன அறுந்த காது, துண்டு நழுவிப் போச்சு, பாத்துக்க" என்றாள் சந்தீனா, எல்லாருக்கும் கேட்கும்படி.

"நழுவல, நான்தான் விட்டிருக்கேன்" என்று என் கொமாரே ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள். "என் காது மூணு கோயில்ல இருக்கு, சந்தீனா. ஒண்ணு அவரு என்னைக் கேட்டு வர்றதுக்கு முன்னாலயே போட்டது. உன் காத எவன் பாத்தான்?"